சல்லடை மூடிய பாலம்

"நாளைக்குப் பதினோரு மணிக்கு உங்க வீட்டு வாசல்ல நிப்போம். மொத்தம் ஏழு பேர். பசியோட வர்றோம்."

இந்தச் செய்தி கைப்பேசியில் வந்து விழுந்த நேரத்தில் சல்லடை தன் வீட்டுச் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அதைச் சமையலறை என்று சொல்வது பழைய பழக்கத்தில்தான். உள்ளே டைல்ஸ் மேஸ்திரி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சுத்தியலும் உளியுமாகத் தரையைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். அடுப்பு படுக்கையறைக்குக் குடிபோயிருந்தது. பாத்திரங்கள் எல்லாம் விருந்தாளிகள் மாதிரி சோபாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மிக்ஸி தலையணைக்குப் பக்கத்தில் படுத்திருந்தது.

ஏழு பேரையும் சாப்பிட வரச் சொன்னது சல்லடையேதான். போன மாதம் ஏதோ ஒரு உற்சாகத்தில் சொன்னார். அதை வீட்டில் ஒரே ஒருவரிடம் சொல்ல மறந்துவிட்டார். வீட்டில் இருப்பதும் அந்த ஒரே ஒருவர்தான். அவருடைய மனைவி.

வரப்போகிற ஏழு பேரில் ஒருவரைக்கூட அவர் நேரில் பார்த்ததில்லை. எல்லாரும் இணையத்தில் கிடைத்த சிநேகிதர்கள். குழுவுக்குப் பெயர் 'காலை வணக்கம் கிடையாது'. பூப்போட்ட வாழ்த்துப் படங்களைப் பார்த்துப் பார்த்து நொந்துபோன எட்டுப் பேர் சேர்ந்து ஆரம்பித்தது. அவரவர் வீட்டுக் குழாய் ஒழுகுவதில் தொடங்கி நாட்டில் மந்திரிசபை ஆடுவது வரைக்கும் அங்கே பேசாத விஷயம் இல்லை. பஸ் டிரைவர் ஒருவர் உண்டு. மருந்துக்கடை அக்கா ஒருவர் உண்டு. ஒரு வார்த்தைகூட எழுதாமல், யார் எதைப் போட்டாலும் கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டுப் போகிற ஒருவர் உண்டு. அவர் ஆணா பெண்ணா, என்ன வேலை செய்கிறார் என்று யாருக்கும் தெரியாது. கட்டைவிரல் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

நம்மவருக்குச் சல்லடை என்று பெயர் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது அவர் தொழில். கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு, "இப்ப தெளிவா இருக்கா, முன்னாடி இருந்தது தெளிவா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு, எதையும் இரண்டு முறை பார்க்காமல் நம்பக் கூடாது என்பது அவர் ரத்தத்தில் ஊறிவிட்டது. குழுவில் ஒரு செய்தி வந்தால் அது நிஜமா என்று பார்க்காமல் அவருக்குச் சோறு இறங்காது.

உப்புக்குத் தட்டுப்பாடு வரப்போகிறது என்று ஒருமுறை வந்தது. ஊரே மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது இவர் மொத்த வியாபாரியின் கிடங்குக்கே போய் உப்பு மூட்டைகளுக்கு நடுவில் நின்று படம் எடுத்துப் போட்டார். மிருகக்காட்சிசாலையிலிருந்து கரடி தப்பிவிட்டது என்று வந்தபோது, அங்கே தொலைபேசியில் கூப்பிட்டு, கரடிகளை எண்ணிச் சொல்லும்படி கேட்டுக்கொண்டு, எண்ணி முடிக்கும் வரை லைனிலேயே காத்திருந்தார். கரடிகள் கணக்காக இருந்தன. இப்படியெல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒரே ஒரு வார்த்தை போடுவார்: 'சலித்தது.'

அந்த வார்த்தை இல்லாமல் எந்தச் செய்தியும் குழுவைத் தாண்டி வெளியே போகக் கூடாது என்பது அவர்களுடைய சட்டம். அந்த வார்த்தையோடு வெளியே போன செய்தியைப் படித்த ஊர்க்காரர்கள், யார் இந்தச் சல்லடை என்று தெரியாமலேயே அவரை நம்பத் தொடங்கினார்கள். 'சலித்ததா?' என்று முன்பின் தெரியாதவர்கள் பஸ்ஸில் ஒருவரை ஒருவர் கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது. வேலை மெனக்கெட்டு உண்மையைத் தேடிப் போகிற ஒரு மனிதருக்கு ஊர் இவ்வளவாவது செய்ததே என்று நாமும் சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம்.

அப்பேர்ப்பட்டவர்தான் இப்போது பெயர்ந்த தரையைப் பார்த்துக்கொண்டு கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றார்.

மறந்துவிட்டேன் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் போன வாரம்தான் அவர் குழுவில் ஒரு நீண்ட கட்டுரை எழுதியிருந்தார். 'எங்கள் வீட்டில் ஒரு ஸ்பூன் வாங்குவதாக இருந்தாலும் இருவரும் கலந்து பேசித்தான் முடிவெடுப்போம்' என்று அதில் ஒரு வரி. மருந்துக்கடை அக்கா அந்த வரியைத் தன் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டி அவரைத் தலைகுனிய வைத்திருந்தார். டிரைவர் அதைத் தன் மனைவிக்கு அனுப்பிவிட்டு இரண்டு நாள் அவஸ்தைப்பட்டிருந்தார். இதற்குப் பிறகு ஏழு பேருக்கு விருந்து வைப்பதை வீட்டில் சொல்லவில்லை என்று எந்த முகத்தோடு எழுதுவது?

"மேஸ்திரி, நாளைக்குள்ள இந்தத் தரை முடியுமா?" என்று கேட்டார்.

மேஸ்திரி சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அவரை அனுதாபத்தோடு பார்த்தார். "டைல்ஸ் வண்டி மத்தியானம் வருது சார். அது வந்தா ராத்திரி பகலா பாத்துப் பாதி முடிக்கலாம். வராட்டி நாளைக்கு நீங்க இங்க கிணறு தோண்டலாம்."

சல்லடை கைப்பேசியை எடுத்தார். எழுதினார். அழித்தார். மறுபடி எழுதினார். அவர் வீடு ஆற்றுக்கு இந்தப் பக்கம். ஏழு பேரும் அந்தப் பக்கம். நடுவில் இருப்பது ஒரே ஒரு பாலம்.

'நண்பர்களே, வருத்தமான செய்தி. ஆற்றுப் பாலத்தைப் பழுது பார்ப்பதற்காக மூடியிருக்கிறார்கள். விருந்தை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.'

அனுப்பிய கையோடு டிரைவர் கேட்டார்: 'சலித்ததா?'

இத்தனை காலத்தில் அந்த வார்த்தையைச் சல்லடை பொய்க்குப் போட்டதே கிடையாது. உளியின் சத்தம் பின்னாலிருந்து மண்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு 'சலித்தது' என்று போட்டார்.

எல்லாரும் நம்பினார்கள். ரயில்வே கேட் வழியாகச் சுற்றி வரலாமே என்று டிரைவர் கேட்டார். அத்தனை தூரம் வேனில் உட்கார்ந்தால் இடுப்பு கழன்றுவிடும் என்று அக்கா மறுத்துவிட்டார். நாள் தள்ளிப்போனது. சல்லடை மூச்சுவிட்டார். ஒன்று மட்டும் உறுத்தியது. எப்போதும் முதல் ஆளாக வந்து நிற்கிற கட்டைவிரலை அன்று காணோம். வெகுநேரம் கழித்துத்தான் அந்த விரல் மெதுவாக எழுந்தது.

மத்தியானம் மனைவி வந்தார். அவர் நீச்சல் பயிற்சியாளர். குளத்தின் அந்தக் கோடியில் இருக்கிற பிள்ளைகளை இந்தக் கோடியிலிருந்து அதட்டிப் பழகிய குரல். வீட்டுக்குள் வரும்போதும் அதைக் குறைத்துக்கொள்ள மறந்துவிடுவார்.

"என்னங்க, டைல்ஸ் வண்டி வராதாம். பாலத்தை மூடிட்டாங்களாம்."

டைல்ஸ் கடையும் ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் என்பது அப்போதுதான் சல்லடைக்கு உறைத்தது. "யார் சொன்னது?" என்றார்.

"வண்டிக்காரர்தான். நான் காலைல அந்தப் பாலத்து ஓரமாதானே குளத்துக்குப் போனேன், தொறந்துதானே இருந்துச்சுன்னு சண்டை போட்டேன். 'அக்கா, சலிச்ச செய்தி இது, நீங்க சொல்றதையா நம்புறது'ங்கறார்." மனைவி பையை மாட்டினார். "உங்க வார்த்தைக்கு வெளியில இவ்வளவு மரியாதையான்னு எனக்கே பெருமையா போச்சு போங்க."

கடைசி வாக்கியத்தில் கிண்டல் துளியும் இல்லை. அதுதான் சல்லடையைக் குத்தியது. மேஸ்திரி தன் உளிகளைச் சுருட்டிக்கொண்டு, பாலம் திறந்ததும் கூப்பிடச் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார். இனி அடுப்பு எத்தனை நாள் கட்டிலுக்குக் கீழே இருக்குமோ தெரியாது.

தவறைத் திருத்திவிட வேண்டும் என்று சல்லடை முடிவெடுத்தார். குழுவில் 'பாலம் திறந்துவிட்டது' என்று போட்டார். உடனே அக்கா எழுதினார்: 'தம்பி, முன்னாடி சொன்னதை மாத்திச் சொன்னா ஆதாரம் வேணும்னு சட்டம் போட்டதே நீங்கதானே? படம் எங்கே?'

சட்டம் போட்டது அவர்தான். மறுக்க முடியாது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போனார்.

பாலம் அகலத் திறந்துதான் கிடந்தது. ஆனால் அதன்மேல் ஒரு சைக்கிள்கூட இல்லை. வழக்கமாக ஹாரன் சத்தத்தில் காது கிழிகிற இடத்தில் இரண்டு புறாக்கள் நடுச்சாலையில் நிதானமாக நடந்துகொண்டிருந்தன. மூடியிருப்பதாக எல்லாரும் நம்பிவிட்டதால் யாரும் வரவில்லை. சல்லடை அதைப் படம் எடுத்துப் போட்டார். 'பாருங்கள், திறந்திருக்கிறது.'

'அடேயப்பா, என்ன வெறிச்சோடிக் கிடக்கு' என்று டிரைவர் எழுதினார். 'மூடியதற்கு இதைவிட ஆதாரம் வேண்டுமா? பழைய செய்தியே சரி.' கொஞ்ச நேரத்தில் அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றத் தொடங்கியது.

சல்லடை விடவில்லை. வண்டியில் பாலத்தைக் கடந்து அதை வீடியோ எடுத்துப் போட்டால் எப்படி மறுக்கிறார்கள் பார்ப்போம் என்று ஸ்கூட்டரைக் கிளப்பினார். பாலத்தின் முனையில் அப்போதுதான் வந்து நின்ற ஒரு போலீஸ்காரர் கை காட்டினார்.

"சார், பாலம் மூடியிருக்கு."

"யார் மூடினது?"

"அது தெரியல சார். காலைலேர்ந்து ஜனங்க போன் மேல போன் போட்டுக் கேக்கறாங்க. எங்ககிட்ட ஆர்டர் எதுவும் வரல. ஆனா சலிச்ச செய்தின்னு சொல்றாங்க, சும்மா இருக்க முடியுமா? அதான் என்னை இங்க நிக்க வெச்சாங்க."

"நான் சொல்றேன், திறந்துதான் இருக்கு."

போலீஸ்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க யாரு சார் சொல்றதுக்கு?"

நான்தான் சல்லடை என்று சொல்ல வாய் எடுத்தார். எடுத்த வாயை அப்படியே மூடிக்கொண்டார். அந்த நேரத்தில் மஞ்சள் சட்டை போட்ட ஆட்களோடு ஒரு வண்டி வந்து நின்றது. வயதான பெரிய அதிகாரி ஒருவர் இறங்கி, வேட்டைக்குப் போகிறவர் மாதிரி பாலத்துக்கு அடியில் இறங்கினார். பின்னாலேயே ஏணி, விளக்கு, சுத்தியல் எல்லாம் இறங்கின. அரசாங்கத்தையே ஒரு பொய்க்காக ஆற்றுக்குள் இறக்கிவிட்டோமே என்று நினைத்துக்கொண்டே சல்லடை வண்டியைத் திருப்பினார். ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார். ஏறி ஓட்டத் தைரியம் வரவில்லை.

வழியெல்லாம் ஒரே யோசனைதான். உண்மை வெளியே வரத்தான் போகிறது. அப்புறம் அந்த வார்த்தைக்கு ஊரில் காலணா மதிப்பு இருக்காது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த ஏழு பேர் இல்லாமல் எப்படி? பல் வலி வந்தால் முதலில் சொல்வது அவர்களிடம். தேர்தல் முடிவு வந்தால் முதலில் சண்டை போடுவது அவர்களோடு. போன வருஷம் அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, முகம் பார்க்காத ஆறு பேர் முறை வைத்துக்கொண்டு அவருக்குச் செய்தி படித்துக் குரல் பதிவு அனுப்பினார்கள். கட்டைவிரல்கூடத் தவறாமல் விரலை அனுப்பியது. அவர்களை இழந்துவிட்டால் பேசுவதற்குச் சுவர்தான் மிஞ்சும்.

சாயங்காலம் அவர் சோபாவில் குக்கருக்கும் வாணலிக்கும் நடுவில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது டிவியில் செய்தி வந்தது. பொதுமக்களிடையே பரவிய தகவலைத் தொடர்ந்து ஆற்றுப் பாலத்தை அதிகாரிகள் ஆய்வு செய்தார்கள். நடுத்தூணில் கை நுழைகிற அளவுக்கு விரிசல். அடுத்த பெருமழையைத் தாங்கியிருக்காது. பாலம் உடனடியாக மூடப்பட்டது. பெரும் விபத்து தவிர்க்கப்பட்டது.

சல்லடையின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அதை எதற்காகக் கையில் வைத்திருந்தார் என்று அவருக்கே தெரியாது.

கைப்பேசி துள்ளத் தொடங்கியது. 'அதிகாரிகளுக்கே தெரியாததை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?' 'எத்தனை உயிர் தம்பி, எத்தனை உயிர்.' 'இனிமே நீங்க சல்லடை இல்லை, எங்க குலதெய்வம்.' கடைசியாக டிரைவர்: 'இடுப்பு போனாலும் பரவாயில்லைன்னு அக்கா சொல்லிட்டாங்க. ரயில்வே கேட்டைச் சுத்திக்கிட்டு நாளைக்கு வர்றோம். உங்களைப் பாராட்டாம விட மாட்டோம்.'

சல்லடை எழுந்துபோய் மனைவி முன்னால் நின்றார். போன மாதத்து அழைப்பிலிருந்து புறாக்கள் வரை ஒன்று விடாமல் சொன்னார். மனைவி முதலில் முறைத்தார். நடுவில் வாயைப் பொத்திக்கொண்டார். டைல்ஸ் வண்டிப் பேச்சு வந்த இடத்தில் அடக்க முடியாமல் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சமையலறை இல்லாட்டி என்ன, வீடு இருக்கில்ல. சாப்பாடு வெளியில வாங்கிக்கலாம்" என்றார். "ஆனா உண்மையை நீங்கதான் பரிமாறணும்."

மறுநாள் ஏழு பேரும் வந்தார்கள். டிரைவர் நினைத்ததைவிடக் குள்ளம். அக்கா நினைத்ததைவிடச் சத்தம். தரை முழுக்கப் போர்வை விரித்து, பாத்திரங்களைக் கொஞ்சம் நகரச் சொல்லி, எல்லாரையும் உட்கார வைத்தாயிற்று. மூலையில் ஒல்லியாக ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். அவர்தான் கட்டைவிரல் என்று தெரிந்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். அவர் வெட்கப்பட்டுக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நேரிலும் பேசவில்லை.

அக்கா பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். பிரித்தால், பளபளவென்று ஒரு மாவுச் சல்லடை. சுற்றிலும் ரிப்பன். "எங்க எல்லாரோட அன்பளிப்பு, தம்பி" என்றார்.

அதைக் கையில் வாங்கியபோதுதான் சல்லடைக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவு நல்லவர்களை ஏமாற்றிய பாவி என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். மனைவியைப் பார்த்தார். மனைவி தலையை ஆட்டினார்.

"நான் ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். வீட்டில் சொல்ல மறந்ததைச் சொன்னார். கலந்து பேசுவதைப் பற்றிய கட்டுரையைச் சொன்னார். விரிசல் பற்றித் தனக்கு ஒன்றுமே தெரியாது, பாலம் சும்மா வாயில் வந்தது என்றும் சொன்னார். "நான் போட்டது பச்சைப் பொய். அந்த வார்த்தையைப் போட இனிமே எனக்கு யோக்கியதை இல்ல. குழுவை விட்டுப் போயிடறேன். இதை நீங்களே வெச்சுக்குங்க" என்று சல்லடையை நீட்டினார்.

யாரும் அதை வாங்கவில்லை. டிரைவர் குனிந்து போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது மூலையிலிருந்து ஒரு கனைப்புச் சத்தம். கட்டைவிரல் எழுந்து வந்து, நீட்டிய கையிலிருந்த சல்லடையைத் திருப்பி அவர் பக்கமே தள்ளினார். நான்கு வருஷத்தில் முதல் தடவையாக அவர் வாய் திறந்தார்.

"நீங்க பாலம் மூடியாச்சுன்னு போட்டப்போ நான் அந்தப் பாலத்துக்கு அடியிலதாங்க நின்னுக்கிட்டிருந்தேன், பாலங்களைப் பாத்துக்கற இன்ஜினீயர் நான், விரிசல் இருக்கு, வந்து பாருங்கன்னு ஒரு வருஷமா பெரிய அதிகாரிகிட்ட உண்மையைச் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம், அதான் உங்க பொய்யை எடுத்து அப்படியே அவருக்கு அனுப்பினேன், 'சலிச்சதா'ன்னு ஒரே வார்த்தை கேட்டுட்டு மனுஷன் ஓடி வந்துட்டார்."